அத்தான் வாங்கிய பெல்ட்

ஐப்பசி 9, செவ்வாய்.

இருபது வருஷமாக வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று உள்ள இன்ஜின்தான் பிரித்திருக்கிறேன். பெல்ட் மாட்டும்போது அதில் ஒரு மார்க்கை நேராகச் சேர்த்தால் போதும். எட்டயபுரத்து அத்தானின் காரில் கேம்ஷாஃப்ட் இரண்டு. "ஒண்ணுன்னா என்ன, ரெண்டுன்னா என்ன?" என்று பட்டறையில் எல்லோரிடமும் அளந்த வாய் இது. டைமிங் பெல்ட் மாற்றும்போது ஒன்றின் மார்க்கை மட்டும் பார்த்தேன். மற்றது திரும்பியிருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் இடித்து வால்வுகள் வளைந்துவிட்டன.

"என்ன மாப்ள, இப்படிச் சத்தம் போடுது?"

"பெல்ட்டு டூப்ளிகேட் அத்தான், வழுக்கிட்டு."

பெல்ட் அவர் வாங்கி வந்தது. அவர் முகம் சுண்டிப்போனது.

"ஒன்ன நம்பித்தான் கம்பெனி சர்வீசுக்குப் போகாம இங்கன கொண்டாந்தேன். சவம், நாந்தான் மலிவா வாங்கிக் கெடுத்துட்டேன். ஒண்ணும் நெனச்சுக்கிடாத மாப்ள."

"பரவால்ல, விடுங்க அத்தான்" என்று அவரை மன்னித்து அனுப்பினேன்.