குளிப்பாட்டிய மெஷின்

பினாங்கு,
20.10.72

அப்பாவுக்கு, அரசப்பன் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

கண்டனூர் வீட்டு வேலையில் துளை போடக் கையால் சுற்றும் துறப்பணமே போதுமா, கரண்டில் ஓடும் மெஷின் வாங்கி அனுப்புகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். மெஷின் வேகம்தான். ஆனாலும் வேண்டாம் அப்பா.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் உளி, ரம்பம் எல்லாம் கழுவினோம். நம் அடுத்த வீட்டு ஆசைத்தம்பி அண்ணன் இங்குள்ள துளை போடும் மெஷினையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். "குளிப்பாட்டாம எப்புடிடா பொட்டு வைக்கிறது?" என்று சிரித்தார். மறுநாள் முதல் வேலையை அவர்தான் தொடங்கினார். ஒயரைச் செருகி சுவிட்சை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. நான் கட்டையால் தட்டிவிடுவதற்குள் முடிந்துவிட்டது. நேற்று இங்கேயே தகனம் செய்தோம்.

எனக்கு ஒன்றுமில்லை. யாராவது கப்பலேறினால் பரணில் இருக்கும் என் கைத்துறப்பணத்தைக் கொடுத்தனுப்புங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள. அறையில் இப்போது நான் மட்டும்தான்.

வள்ளிக்கண்ணு அண்ணிக்குத் தந்தி கொடுக்கவில்லை. நீங்களே போய்ச் சொல்லுங்கள். அண்ணன் ஊரில் விட்டுவந்த உளிகளுக்கு அண்ணியும் பொட்டு வைத்திருப்பார்கள். முதலில் அதைத் துடைத்துவிடுங்கள், பிறகு சொல்லுங்கள்.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள்.

அரசப்பன்