பரீட்சைக்கு வேண்டாத பிள்ளை

12.5.2008, திங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவியாளராகப் பள்ளியில் வேலை செய்யும் என்னை அதிபர் இன்று அறைக்கு அழைத்தார். நாளை நாடு முழுவதற்குமான புதிய பரீட்சை. ஆங்கிலம் குறைந்தவர்கள் எழுதினால் பள்ளியின் சராசரி விழுமாம். சராசரி விழுந்தால் மற்றப் பெற்றோர் தனியார் பள்ளிகளுக்கு ஓடிவிடுவார்களாம். ஆகவே, போர் நடக்கும் வன்னியிலிருந்து இந்த வெளிநாட்டுக்கு வந்த மாணவி நிலாவை நாளை வீட்டிலேயே வைத்திருக்கும்படி அவள் தாயிடம் நான் தமிழில் சொல்லவேண்டும்.

சொன்னேன். அதிபரின் மேசைத் தொலைபேசியிலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் சொன்னேன்.

"ஓம் ரீச்சர், நீங்கள் சொன்னால் சரிதானே," என்றார் தாய். பிறகு தயங்கினார். "பிள்ளை ஒரு கிழமையாப் பென்சில் சீவி வைச்சுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

நான் தொலைபேசியை வைத்தேன். அதிபர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தேன். ஆறு மணிக்குத் தாயை மறுபடி அழைத்தேன்.

"அக்கா, நான் சொன்னது பிழை. அது பள்ளிக்கூடத்தின்ர நன்மைக்கு, பிள்ளையின்ர நன்மைக்கில்லை. நாளைக்கு அவளை அனுப்புங்கோ."

"உங்கட வேலைக்கு ஏதும் வராதோ?"

"வந்தால் வரட்டும்."

பின்னால் நிலா தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "ஆம் ஐ அலவ்ட்?"

பத்து வயதுப் பிள்ளை, தன் வகுப்புக்குப் போக அனுமதி கேட்கிறாள். கேட்கவைத்தது அதிபர் மட்டுமா? அந்தத் தமிழ் என் வாயிலிருந்துதானே போனது.