இடது காதின் உட்புறம்

தைப்பூசத்துக்கு மறுநாள், திங்கள்

தானே புயல் முந்திரியை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனதற்கப்புறம் வந்த இரண்டாவது தை. காலையில் பனி. கொடிக்கயிற்றில் சாம்பல் தூசி. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் அமுதா எழுதுகிறாள். செத்துப்போன என் தங்கையின் மகள்தான். சொன்னதை மட்டும் எழுது, அலங்காரம் வேண்டாம் என்றிருக்கிறேன். நோட்டு அரிசிப் பானைக்குள் இருக்கும்.

நேற்று ஊரே வடலூருக்கு ஜோதி பார்க்கப் போயிருந்தது. பட்டப்பகலில் காவேரியின் ஆட்டுப்பட்டி காலி. ஆறு உருப்படி. கருப்பி, செவலை, அதன் இரண்டு குட்டி, கிடா ஒன்று, நொண்டி ஒன்று. காவேரி என் சிநேகிதன் தனகோடியின் பெண்டாட்டி. அவன் போனபின் ஆடுதான் சோறு.

அமுதாவின் அப்பன், என் மச்சான் ஏழுமலை, கால் வலி என்று வடலூரிலிருந்து பாதியில் திரும்பியவன். அவன்தான் முதலில் பார்த்துக் கத்தினானாம்.

போலீஸ் ஸ்டேஷன் போனோம். ஏட்டு அடையாளம் கேட்டார். வலது காதில் முக்கோண வெட்டு என்றேன். அது ஊருக்கே தெரிந்தது. இடது காதைச் சொல்லவில்லை. பழைய ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்குமுன் அங்கே ஆட்டுத் திருட்டு அதிகம். தெரிந்த அடையாளத்தைத் திருடன் அறுத்துவிடுவான் என்று ஐந்து பேர் கூடித் தெரியாத ஒன்று வைத்தோம். இடது காதின் உட்புறம், அடியில், மயிருக்குள் ஊசிச் சூடு, ஒரு புள்ளி. பெண்டாட்டிக்கும் சொல்வதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். காவேரிக்கே தெரியாது. குட்டிக்கு மருந்து போடுகிறேன் என்று தூக்கிப்போய் நான் வைத்துவிடுவேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்தது.

செவ்வாய்

வெயில். முத்துராஜைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காவேரி வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருப்பவர், தூத்துக்குடிப் பக்கம், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நாற்பது வயது. பைக் இருக்கிறது, வடலூர் போகவில்லை. இரண்டு குற்றம்.

"அண்ணாச்சி, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்கிட்டுல்லா இருந்தேன், நீங்களாச்சும் சொல்லுங்க," என்றார் என்னைப் பார்த்து.

மச்சான் முந்திக்கொண்டான். "தூங்கிக்கினு இருந்தானாம். ஆடு தானா கதவத் தொறந்துக்கினு ஷிப்டுக்குப் போச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஏட்டு ஒரு தாளில் என் கைநாட்டு வாங்கினார். பைக் பட்டிப் பக்கம் நின்றதா என்றார். தினமும் அங்கேதான் நிற்கும் என்றேன். என்ன எழுதினார் என்று யாரும் படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

மச்சான் ராத்திரி இங்கேதான் சாப்பிட்டான். கருவாட்டுக் குழம்பு, இரண்டு தரம் வாங்கினான். "வெளியூர்க்காரன வெச்சா இப்பிடித்தான் மச்சான்," என்றான்.

வியாழன்

நேற்று எழுதச் சொல்லவில்லை. இடுப்பு வலி.

இன்று காவேரியோடு சேத்தியாத்தோப்பு சந்தை. பஸ்ஸில் நின்றே போனேன். மத்தியானம் புளியமரத்தடியில் ஒரு வியாபாரியிடம் கருப்பி. கழுத்தில் இரண்டு தொங்கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. காவேரி கூப்பிட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவள் முந்தானையை மென்றது.

வியாபாரி: "ஒத்தத் தொங்கல் ஆடு ஊர்ல ஆயிரம் கெடக்குது ஆயா. காதுல வெட்டுன்றியே, காது எங்க?"

வலது காது பாதி இல்லை. புது ரத்தம், மஞ்சள் அப்பியிருந்தது. நான் இடது காதைத் தடவப் போனேன். அடியோடு அறுத்திருந்தது. வேர்கூட மிச்சமில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காவேரி சோடா வாங்கிவந்தாள். "இன்னாண்ணே, நீ சொன்னா விட்டுடுவான், அடையாளம் சொல்லேன்," என்றாள். சொல்லிக் காட்ட அந்தக் காதே இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

வெள்ளி

மேகம். மழை இல்லை. மச்சான் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. சோறு மீந்தது. முத்துராஜ் இன்னும் உள்ளேதான். முகம் வீங்கியிருக்கிறது என்று டீக்கடையில் பேச்சு.

வலது காதை அறுக்க எந்தத் திருடனுக்கும் தெரியும். இடது காதை எதற்கு அறுக்க வேண்டும்? வெளியூர்க்காரனுக்கு அங்கே ஒன்றுமில்லை, மயிர்தான்.

அமுதாவை இரண்டு தரம் பார்த்தேன். கேட்கலாமா, இவளை எழுதச் சொல்லலாமா என்று. வேறு யாரிடம் சொல்வது. நாளைக் காலை ஏட்டிடம் போய் என் கைநாட்டைத் திரும்பக் கேட்கப் போகிறேன். அங்கே வாய் குழறாமல் இருக்க இங்கே ஒரு தரம்.

சூடு வைத்த ஐந்து பேர்.

என் அண்ணன் கோவிந்தன். பழைய ஊரை விட்ட வருஷமே போனார். புது வீட்டுக்குக் கதவு மாட்டவில்லை.

தனகோடி. நெல் அறுப்பில் பாம்பு.

சின்னத்தம்பி. சுரங்கத்துச் சங்கு ஊதியது, சைக்கிளில் ஷிப்டுக்குப் போனான், லாரி.

நான்.

அமுதா பேனாவை மூடிவிட்டாள். "போதும் மாமா," என்றாள். எழுதும்மா என்றேன். ஸ்டேஷனில் அந்த மனுஷன் வீங்கின முகத்தோடு உட்கார்ந்திருப்பான் என்றேன். பேனாவைத் திறந்தாள்.

மிச்சம் உயிரோடு இருப்பது ஒருத்தன்தான். என் மச்சான், இதை எழுதுகிறவளின் அப்பன், ஏழுமலை.