மழைக்கு ஒதுங்கும் களம்

மார்ச் 4

இன்று களங்களைப் பங்கு போட்டார்கள். எட்டுப் பழைய வீடியோ கேம்களின் நாயகர்களை ஒரே கேமில் கூட்டி வந்து மோதவிடுகிறோம். ஒவ்வொருவருக்கும் அவரவர் கேமிலிருந்து ஓர் இடம். அதுதான் களம். அதை வரைவது என் வேலை. வாள்வீரனைக் கேட்டேன், தபால்காரர் கிடைத்தார். மலையேறிக் கடிதம் கொடுப்பதைத் தவிர அந்த மனுஷன் தன் கேமில் ஓர் ஈயைக்கூட அடித்ததில்லை. இங்கே பையால் அடிப்பாராம்.

இயக்குநர் அந்தக் கேம் விற்ற பழைய அட்டைப்பெட்டியைக் காட்டி, மேலே படத்தில் இருக்கிற சிவப்புக் கோபுரத்தை வரைந்தால் போதும் என்றார். இருபத்தெட்டாம் தேதிக்குள் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் தபால்காரருக்குக் களமே கிடையாது. அந்த இடத்தில் வாள்வீரனுக்கு இரண்டாவது களம் வரும். பார்க்கலாம்.

மார்ச் 6

இரண்டு நாளாக உட்கார்ந்து அந்தக் கேமை முழுசாக ஆடி முடித்தேன். கோபுரம் இல்லை. அடிவாரத்தில் இல்லை, உச்சியில் இல்லை, தூரத்துப் புள்ளியாகக்கூட இல்லை. அட்டையை வரைந்த புண்ணியவான் கேமைப் பார்க்காமலே வரைந்திருக்கிறார். அவர் விட்ட கதையை நான் எதற்குச் சுமக்க வேண்டும்?

மார்ச் 7

அக்காவுக்கு போன் போட்டேன். சின்ன வயதில் எங்களுக்கு ஒரே கண்ட்ரோலர். இந்தக் கேமை அவள் ஆடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். இப்போது பஸ் ஓட்டுகிறாள். இரண்டு டிரிப்புக்கு நடுவில் பேசினாள். கோபுரம் ஞாபகம் இருக்கிறதா என்றால், எந்தக் கோபுரம் என்கிறாள். சரி, வேறு என்னதான் ஞாபகம்?

"மழைதான். அந்தத் தகரக் கூரைக்கடியில நின்னே ஆகணுமே. அப்பதான் நான் பாத்ரூம் போவேன். நீ பட்டனைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினாத்தான் எந்திரிப்பேன்."

உண்மைதான். பாதி மலையில் மழை பிடித்துக்கொள்ளும். வெளியே கால் வைத்தால் கடிதங்கள் நனைந்து ஆட்டம் முடிந்துவிடும். நாற்பது நொடி சும்மா நிற்பதைத் தவிர வேறு வழியே இல்லை. (தொட்டேன். ஒவ்வொரு முறையும் தொட்டேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது.)

மார்ச் 8

மற்றவர்களின் களங்களைச் சுற்றிப் பார்த்தேன். நாணயம், சாவி, வில்லன், வில்லனின் தம்பி, குதிரை - எல்லாரையும் பின்வரிசையில் நிற்க வைத்துக் குடும்ப போட்டோ எடுத்த மாதிரி இருக்கிறது. ஒன்றையும் விடவில்லை. ஆனால் அங்கே நின்று ஆடியபோது எப்படி இருந்தது என்பது மட்டும் இல்லை. பொறாமையில் சொல்கிறேனா? கொஞ்சம்.

என் களத்தில் ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஆட்டத்துக்கு ஒருமுறை நாற்பது நொடி மழை. அவ்வளவுதான்.

மார்ச் 11

இயக்குநரிடம் சொன்னேன். கேமிலேயே கோபுரம் இல்லை என்றதற்கு, வாங்குகிறவர்களுக்கு அட்டைதான் தெரியும் என்றார். மழை என்றதும் சிரித்தே விட்டார்.

"மழையைப் பாக்கறதுக்கு எவனும் சண்டை கேம் வாங்க மாட்டாம்மா."

அந்த 'ம்மா' வேறு. சரி, கோபுரத்தையும் வரைந்து வைக்கிறேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். இருபத்தெட்டு வரைக்கும் நேரம் என்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12

கோபுரம் வரையமாட்டேன். வரையவே மாட்டேன்.

மார்ச் 17

மழையே எனக்கு வினையாகிவிட்டது. பெய்ய ஆரம்பித்தால் எது யார் கை, எது யார் கால் என்றே தெரியவில்லை. படமும் திக்கித் திக்கி ஓடுகிறது. புரோகிராம் எழுதுகிற ராக்கெட்டோடு (ஆமை வேகம், அதனால் அந்தப் பெயர்) மூன்று நாள் சண்டை. மழையைக் குறை என்கிறான், மாட்டேன் என்கிறேன். கடைசியில் என் பேனாவைப் பிடுங்கி அவனே வரைந்து காட்டினான். மழை ஆட்களுக்குப் பின்னால் மட்டும். முன்னால், கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற ஒற்றை வரிசைத் துளிகள். நின்று விளையாடுகிறது! அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 20

இயக்குநர் எட்டிப் பார்த்தார். இடி விழட்டும், பட்டவனுக்கு உயிர் குறையட்டும், அப்போதாவது விறுவிறுப்பு வரும் என்றார். முடியாது என்றேன். இந்த மழை யாரையும் அடிக்காது, காக்க மட்டும்தான் வைக்கும். அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

மார்ச் 26

வெளியாட்கள் வந்து ஆடிப்பார்க்கும் நாள். சோதனை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். என் களத்துக்கு வந்தது ஒரு நர்ஸ் அம்மாவும் ஒரு லாரி மெக்கானிக்கும். முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். முதல் அரை நிமிடம் வெளுத்து வாங்கினார்கள். மழை வந்தது. மெக்கானிக் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். போச்சு, சலித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அம்மாவும் வைத்துவிட்டார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சோதனைப் பிரிவுக்காரர் ஓடிவந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். மழை விட்டதும் இருவரும் கண்ட்ரோலரை எடுத்துப் பழையபடி அடிக்க ஆரம்பித்தார்கள். நேரம் முடிந்துபோனது. யாரும் ஜெயிக்கவில்லை.

அந்த அம்மா மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் அதை ஆடியிருக்கீங்களா?"

"லெட்டர் நனைஞ்சிடுமேங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

மாலையில் பிழைப் பட்டியல் வந்தது. என் களத்துக்கு நேரே: 'மழை தொடங்கியதும் சண்டை நிற்கிறது. கண்ட்ரோலர் செயலிழப்பாக இருக்கலாம். உடனே சரிசெய்யவும்.' இயக்குநருக்கும் நகல் போயிருக்கிறது.

மார்ச் 27

பதிவான வீடியோவை இயக்குநர் தன் அறைக்கு வாங்கிக்கொண்டார். கதவு சாத்தியே இருந்தது. சண்டை நின்றுபோகிற களத்தை எந்தச் சண்டை கேமில் வைப்பார்கள்? கோபுரத்தை வரைந்து தொலைத்திருக்கலாமோ? சே, இல்லை. தூக்கினால் மழையோடு தூக்கட்டும்.

மார்ச் 28

காலை முழுக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் களங்களின் இறுதிப் பட்டியலை ஒட்டினார்கள். வாள்வீரன் பெயர் ஒரே ஒரு தடவைதான் இருந்தது. ஆறாவதாகத் தபால்காரர். இருமுறை படித்தேன். அப்புறம் இருக்கைக்கு ஓடிவந்து பிழைப் பட்டியலைத் திறந்தேன். என் களத்தின் பிழையை 'முடிந்தது' என்று குறித்திருந்தார் இயக்குநர். கீழே ஒரு வரி:

'பிழை இல்லை. மழை விட்டதும் அடிப்பார்கள்.'