எலிக்குத் தண்ணீர் ஊற்றிய சேதி

12-2-2006
ராசாங்கம் என்று ஏழு முறை எழுதினேன். எழுபது வயதில் வளர்கல்வி மையத்தில் கற்ற எழுத்து. ஏழும் நான்தான்! அமிர்தவல்லி எட்டிப் பார்த்தாள். "பொண்டாட்டி பேரு எழுத வராதா?" நீளமான பேர். எழுதி முடிக்க வியர்த்துவிட்டது.

16-2-2006
அவள் மார்பில் இருப்பது புற்றுக்கட்டி. பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார். திருச்சியில் மார்ச் 6 ஆபரேஷன். நாள் கடத்தக் கூடாதாம். எங்கள் ஊர் செட்டிகுளம் வரும்வரை பஸ்ஸில் என் கையை அவள் விடவில்லை.

25-2-2006
அமெரிக்காவிலிருந்து மகள் மலர்கொடியின் கடிதம். எப்போதும் போன்தான். அப்பா படிப்பார் என்றே எழுதியிருக்கிறாள்! சத்தமாகப் படித்தேன். ஒரு மணி நேரம்.

முன்பு ஊர் ஊராக அம்மை குத்தினார்களே, அந்தக் கிருமியை அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் மாற்றிச் செய்திருக்கிறார்களாம். எலிக்கு ஊசி போட்டால் நல்ல சதையை விட்டுவிட்டுப் புற்றுக்கட்டிக்குள் மட்டும் பெருகும். அங்கே பச்சையாக ஒளிவிட்டு, கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும். பிறகு கட்டியையே அழிக்கும். மனிதருக்கு இன்னும் வரவில்லையாம்.

என் தோளில் உள்ள அம்மை குத்திய தழும்பைத் தடவிக்கொண்டேன். அமிர்தவல்லிக்குத் தழும்பு இல்லை. குத்த வந்தபோது குதிருக்குள் ஒளிந்தவள்.

26-2-2006
வாசலில் வேப்பிலை. குழம்பில் தாளிப்பு இல்லை. வெங்காயம் விளைகிற வீட்டில்!

"எம்மவ கையில ஆத்தா வந்து எறங்கியிருக்கா. தண்ணி ஊத்தாம நான் ஊரு எல்லையத் தாண்ட மாட்டேன்."

அம்மை கண்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிப்பதில்லை, வீட்டார் வெளியூர் போவதில்லை. வழக்கம்தான். ஆனால் கண்டது எலிக்கு, அதுவும் அமெரிக்காவில். ஏன்டா சத்தமாகப் படித்தேன்?

5-3-2006
மகள் போன் செய்தாள். "எலிக்கு நாளைக்கே தண்ணி ஊத்திடுறேம்மா, நீ கெளம்பு."
"போன்ல நீ என்ன வேணா சொல்லுவ. கையால எழுதி அனுப்பு. உங்கப்பா படிக்கட்டும்."
நாளை ஆபரேஷன் இல்லை. 27-க்கு மாற்றிக் கேட்டேன். டாக்டர் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

14-3-2006
தபால் இல்லை. கட்டி பெரிதாகிறதோ? கேட்டால் எரிந்து விழுகிறாள். என்னைத்தான் திட்டுகிறாள், பாவம், பயத்தை யாரிடம் காட்டுவாள்?

22-3-2006
வந்துவிட்டது. எலிகளுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஐந்தில் நான்குக்குக் கட்டி சுருங்கிவிட்டது.

அடுத்த வரியில் நின்றேன். விட்டுவிட்டுப் படித்தால் அவளுக்கு என்ன தெரியப்போகிறது? என்னை நம்பித்தானே கையெழுத்தில் கேட்டாள். படித்தேன். "ஒன்று பிழைக்கவில்லை அம்மா. அதற்கு ஊசி போடும்போதே நாள் கடந்துவிட்டது."

எழுந்து போய் வாசல் வேப்பிலையை அவிழ்த்தாள். "அந்த ஒண்ணு நானாயிரக் கூடாதுல்ல. பையை எடுத்து வைங்க."

27-3-2006
கைநாட்டு மையை நீட்டினார்கள். பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எழுத ஓடவில்லை.

28-4-2006, வெள்ளி
தையல் ஆறிவிட்டது. இன்னும் மருந்து ஏற்ற வேண்டும், ஆனால் குளிக்கலாம் என்றார் டாக்டர். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். "மெதுவா ஊத்துங்க, நான் என்ன எலியா?" என்றாள்.

இப்போது அடுப்படியில் கடுகு வெடிக்கிறது.