ஐந்து விரல் குறைந்த அச்சு

கெம்னிட்ஸ், 9 மார்ச் 1840

அன்புள்ள டோபியாஸ்,

நீ ஸ்விக்காவுக்குப் போய் நாலு மாதமாகிறது. ஒரு வரி இல்லை. நியாயம்தான், முதலில் எழுத வேண்டியவன் நான்.

சக்கரங்களை இணைக்கும் புது அச்சுகள் பொருந்திவிட்டன. நம் பட்டறையின் முதல் ரயில் எஞ்சின் இப்போது தண்டவாளத்தில் ஒழுங்காக நிற்கிறது. போன முறை குதிரைகள் பூட்டி இழுத்துப்போய் இறக்கியதும் சக்கரங்கள் தண்டவாளத்துக்கு நடுவே பொத்தென்று விழுந்ததை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. இங்கிலாந்து அடியில் போட்ட வரைபடத்தை, அதைவிடக் குட்டையான நம் சாக்சனி அடிக்கோலால் அளந்து, அச்சில் ஐந்து விரல் குறைத்தவன் நான். எஞ்சின் செய்யச் சொன்ன ரயில்வே குழு முன்னால் தொப்பியைக் கழற்றி, "தப்பா அளந்தது நான்தாங்க, மொதலாளி மேல தப்பில்ல" என்று நின்றவன் நீ. நான் வாயே திறக்கவில்லை. உன்னால்தான் எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள்; நீ பழியோடு ஊரைவிட்டே போனாய்.

திரும்பி வா.

நன்றி மறவாத,
கோட்லோப் வென்ட்லர்


ஸ்விக்காவ், 21 மார்ச்

அன்புள்ள கோட்லோப்,

எஞ்சின் நிற்பதில் சந்தோஷம். ஓடினால் இன்னும் சந்தோஷம்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலை தேடி ஊர் ஊராக அலைந்த என்னை எட்டு வருடம் உன் மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாய். குழு உன்னைக் கைவிட்டிருந்தால் பட்டறை ஆட்கள் முப்பது பேர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. என் மனைவி ஒட்டிலிதான், "அந்த மனுசனுக்கு வாய்ல பசையா ஒட்டியிருந்துச்சு?" என்று தினமும் கேட்கிறாள். நான் செவிடனாகிவிடுவேன்.

இங்கே சுரங்கத்தில் கரி அள்ளுகிறேன். அளக்கத் தெரியாதவன் என்ற பேர் எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டதால் எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. நான் அங்கே வந்தால் உன் எஞ்சினையும் சந்தேகப்படுவார்கள். வர மாட்டேன்.

டோபியாஸ் க்ரால்


கெம்னிட்ஸ், 4 மே

அன்புள்ள டோபியாஸ்,

எஞ்சின் ஓடியது. இன்னும் ஆறு எஞ்சினுக்கு ஒப்பந்தம் நீட்டினார்கள். வாங்கிய பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு அளவு தப்புனது என்னால. டோபியாஸ் எனக்காகப் பழி ஏத்துக்கிட்டான்" என்றேன். முப்பது பேர் பிழைப்பையும் அந்த மேசையில் வைக்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

குழுத் தலைவர் ஒப்பந்தத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப உங்க அளவ எப்படிய்யா நம்புறது? உங்களுக்காகப் பொய் சொன்னாலும் அளவு தெரிஞ்ச ஆளு டோபியாஸ்தான். ஒவ்வொரு அச்சுக்கும் அவர் கையெழுத்துப் போடணும். அவர் சம்மதிச்சா இந்த ஒப்பந்தம் பையவிட்டு வெளிய வரும்."

ஸ்விக்காவ் பட்டறைகளுக்கெல்லாம் உண்மையை எழுதிவிட்டேன். இனி உனக்கு அங்கேயே வேலை கிடைக்கும். நீ வராவிட்டாலும் கோபப்பட எனக்கு உரிமையில்லை.

கோட்லோப்


ஸ்விக்காவ், 10 மே

கோட்லோப்,

புதன்கிழமை குதிரை வண்டியில் வருகிறோம். உன்னைத் திட்ட நினைத்ததையெல்லாம் மறந்துவிட்டதாக ஒட்டிலி சொல்கிறாள். நம்பாதே.

நேற்று இரண்டு பட்டறைக்காரர்கள் வீடு தேடி வந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, கரி படிந்த கையோடு உட்கார்ந்து அழுதேன். வருத்தமே இல்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். அது பொய்.

நீ வாய் திறந்ததற்கு நன்றியடா.

டோபியாஸ்