செவ்வாய் வண்டியும் உன் போட்டோக்களும்

கும்மிடிப்பூண்டி
5.11.2006

அன்பு மருமகன் முஜீபுக்கு, உன் தாய்மாமன் சலாஹுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே நீ நலமா என்பதில் எனக்குச் சந்தேகம். அதனால்தான் கடிதம். போனில் என்றால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய்.

முதலில் ஒரு சேதி. செவ்வாய் கிரகத்தில் அமெரிக்காக்காரன் இறக்கிவிட்ட ஆறு சக்கர வண்டி, ஏறக்குறைய இரண்டு வருஷம் மணலில் ஊர்ந்து, புதிதாக ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. பேப்பரில் படத்தோடு வந்தது. பள்ளம் முக்கால் கிலோமீட்டர் அகலமாம். நம் கம்பெனியில் பழவேற்காடு ஏரி அளவு என்று சொல்லிவைத்திருக்கிறேன். நடுவில் மணலில் புதைந்து வாரக்கணக்கில் நின்றதாம். என்னைக் கேட்டிருந்தால் டயரில் காற்றை இறக்கச் சொல்லியிருப்பேன். கிரேன் ஓட்டும் பரசுராமன், "அது அலுமினியச் சக்கரம் பாய், காத்தே கெடையாது" என்றான். பொறாமை பிடித்தவன்.

அவன்தான் கிளப்பினான்: "ஆளே இல்லாத எடத்துல எவன் பாய் போட்டோ புடிச்சிக்கினு இருக்குறான்? இங்க பக்கத்துல தேர்வாய் கண்டிகை செம்மண்ணுல எடுத்துட்டு நம்மள ஏமாத்துறானுங்க." எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனால் ஷிப்டே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விட்டுக்கொடுக்க முடியுமா? வண்டிக்குக் கழுத்து மாதிரி ஒரு கம்பம், அதில் இரண்டு கண், எதிரே இருப்பதை எடுக்கும் என்று, நானே செய்து கொடுத்தவன் மாதிரி விளக்கினேன். "எதிர்ல இருக்குறத எடுக்குது, சரி. அந்த வண்டி இன்னா கதில கீதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

பெருநாளுக்கு லீவில் வந்த உன் கூட்டாளி இஜாஸிடம் நீ கொடுத்தனுப்பிய போட்டோக்களை எடுத்துப் பரப்பினேன். ஒட்டகம் இருக்கிறது. நீங்கள் தங்கும் புதிய கேம்ப் இருக்கிறது. பாலைவனம் வேண்டிய மட்டும் இருக்கிறது. நீ இல்லை. முன்பெல்லாம் எவனோ ஒருவனுடைய காரில் சாய்ந்து, கூலிங் கிளாஸ் போட்டு, காரைவிடப் பெரிதாக நீதான் தெரிவாய்.

அந்தச் செவ்வாய் வண்டிக்குத் தோளில் கோளாறு, கையை முன்போல நீட்டி மடக்க முடியவில்லை என்பதைப் பேப்பரில் கடைசி வரியில்தான் போட்டிருந்தான். நீயும் போனை வைக்கப்போகும்போதுதான் வெல்டிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள் என்றாய். உன் வெல்டிங்கைப் பார்க்க ஷேக்கே காரைவிட்டு இறங்கி வந்தார் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவனை எதற்கு ஸ்டோரில் உட்கார வைக்கிறான்?

இஜாஸுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "முஜீபு நல்லாத்தான் கீறான் மாமா" என்று தட்டைப் பார்த்தே சொன்னான். "கை எப்டிடா கீது?" என்று நேராகவே கேட்டேன். பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டான். பாதித் தட்டு அப்படியே இருந்தது. பஸ்ஸுக்காகப் பிரியாணியை விட்டுப்போகிறவனை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

உன் உம்மாவும் போட்டோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேமராவைப் பிடித்தவனே அவன்தான், அவன் எப்படிப் படத்தில் வருவான் என்றேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் அண்ணே, எம்புள்ளய ஒரு போட்டோ புடிக்க அங்க வேற ஆளே இல்லியா?" என்றாள்.

ஆகவே ஒரு போட்டோ அனுப்பு. முழு உயரம், இரண்டு கையும் வெளியே தெரிய. பாக்கெட்டில் விடாதே, பின்னால் கட்டாதே. வீட்டுக்கு வேண்டாம், என் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பு. எப்படி இருந்தாலும் உன் உம்மாவிடம் பக்குவமாகச் சொல்வது என் பொறுப்பு. ஆனால் உள்ளது தெரிந்தால்தானே நான் கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியும்?

போட்டோ எடுக்க மனசு வராவிட்டால் நீயே புறப்பட்டு வந்துவிடு. விமான நிலையத்துக்கு நான் தனியாக வருகிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன். அல்லாஹ் உன்னை எங்களுக்குத் திருப்பித் தரட்டும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் மாமா,
சலாஹுதீன்